பொருநைக் கரையில் தனியே ஒரு நடை: பாபநாசம் முதல் புன்னக்காயல் வரை

அகத்தியரின் சீடரான உரோமச முனிவர் முத்தி வேண்டி நின்றபோது, ஒன்பது தாமரை மலர்களைப் பொருநை என்னும் தாமிரபரணியில் மிதக்கவிட்டு, அவை ஒதுங்கும் இடந்தோறும் சிவலிங்கம் நிறுவி வழிபடுமாறு குரு சொன்னதாகத் தலபுராணம் கூறுகிறது. அந்த மலர்கள் பாபநாசம், சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம் ஆகிய ஒன்பது இடங்களில் ஒதுங்கின என்பார்கள். கடைசி ஊரின் பெயரிலேயே பூ வந்து சேர்ந்த கதை இருக்கிறது. நவகைலாயம் என்று பெயர்பெற்ற இந்தக் கோயில்களை மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் சிறப்புப் பேருந்தில் ஏறி ஒரே நாளில் தரிசித்துத் திரும்பலாம். கிரகப் பரிகாரம் மட்டுமே நோக்கமானால் அது போதும். நான் சொல்லப்போவது அந்த மலர்கள் போன வழியில், முதுகில் ஒரு பையோடு, ஒன்பது பத்து நாள்கள் தனியாக நடப்பதைப் பற்றியது.

பொதிகை மலையில் பிறந்து மன்னார் வளைகுடாவில் சேரும் வரை தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். பாபநாசத்துக்கு மேலே உள்ள பகுதி களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அனுமதியின்றி அங்கே நடக்க இயலாது, நடக்கவும் கூடாது. ஆகவே பயணம் பாபநாசம் படித்துறையில் தொடங்குகிறது. அங்கிருந்து கடல்வரை சாலைவழியாக 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். நன்றாக நடப்பவர் ஐந்து நாளில் முடித்துவிடலாம். ஆனால் அப்படி முடிப்பவருக்குக் கால்வலியைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது என்பது என் எண்ணம். நாளொன்றுக்கு 12 முதல் 15 கிலோமீட்டர், நடுவே ஒரு முழுநாள் ஓய்வு என்று வைத்துக்கொண்டால் காலையில் நடக்கவும், வெயிலேறியபின் படித்துறை மரத்தடியில் சும்மா இருக்கவும் நேரம் கிடைக்கும். அந்தச் சும்மா இருக்கும் நேரத்துக்காகத்தான் இந்த நடையே.

தாமிரபரணிக்கு இரண்டு பருவமழைகளாலும் நீர் வருகிறது. தைப் பிற்பகுதி முதல் மாசி முடியும் வரை நடப்பது நல்லது. வயல்கள் பசுமையாக இருக்கும், காலை வேளை குளிர்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஆற்றங்கரையில் நடக்க நினைப்பவர்கள் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறக்கக் கூடாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தால் சூழப்பட்டு, நூற்றுக்கணக்கான பயணிகள் வெளியேற வழியின்றித் தவித்தார்கள். தனிமை வேண்டுவோர் ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் பாபநாசத்தையும், ஒன்பது கருடசேவை நடக்கும் வைகாசி உற்சவ நாள்களில் ஆழ்வார்திருநகரியையும் தவிர்க்க வேண்டும். தைப்பூசத்தை ஒட்டி நெல்லையிலிருந்து திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போவோர் கூட்டங்கூட்டமாகச் சாலையில் வருவார்கள். அவர்களோடு நடப்பது வேறொரு நல்ல அனுபவம், ஆனால் அதில் தனிமை இராது.

பையின் எடை ஏழு கிலோவைத் தாண்டக் கூடாது. இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, இரண்டு துண்டு, மெல்லிய போர்வை, தொப்பி, டார்ச் விளக்கு, இரண்டு லிட்டர் தண்ணீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், கால் கொப்புளத்துக்கு ஒட்டுப்பட்டை, ஆதார் அட்டை, சில்லறை நோட்டுகள், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா ஆகியவை போதும். பெண்கள் வேட்டிக்குப் பதிலாகச் சீக்கிரம் உலரும் புடவையோ சுடிதாரோ எடுத்துக்கொள்ளலாம். கோயிலுக்குக் கோயில் கழற்றி மாட்ட வேண்டியிருப்பதால், கயிறு கட்டும் காலணியைவிடப் பின்வார் வைத்த உறுதியான செருப்பே வசதியானது. புதிதாக வாங்கியதைப் போட்டுக்கொண்டு கிளம்பக் கூடாது. முதல்முறை நான் நான்கு தத்துவ நூல்களைச் சுமந்துகொண்டு புறப்பட்டேன். அம்பாசமுத்திரம் வந்து சேர்வதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்போல் ஆகி, நான்கையும் அஞ்சலில் வீட்டுக்கே திருப்பி அனுப்பினேன். படிக்க ஏதாவது இருந்தால் மனம் அதற்குள் ஒளிந்துகொள்ளும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒரு பாசுரத்தையோ தேவாரப் பாடலையோ மனப்பாடம் செய்துகொண்டு போனால் எடையும் இல்லை, ஒளிந்துகொள்ள இடமும் இல்லை.

தங்குமிடம் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். கோயில் ஊர்களில் தனியாக வரும் ஆளுக்கு அறை கொடுக்கச் சில லாட்ஜ்காரர்கள் தயங்குவார்கள். தனியே வந்து அறை எடுத்தவர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகளை அவர்கள் கேட்டிருக்கிறார்கள்; அந்தத் தயக்கத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு விடுதியில் என்னையும் அப்படித் திருப்பி அனுப்பினார்கள். வீட்டு எண்ணைக் கொடுத்துப் பேசச் சொன்னால் பெரும்பாலும் சிக்கல் தீர்ந்துவிடும். விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி ஆகிய இடங்களில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். ஊர் மண்டபத்தில் படுத்துக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.

இந்த வழியில் தனியே நடப்பவருக்குப் பெரிய துணை ரயில்தான். செங்கோட்டைப் பாதையில் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி என்றும், திருச்செந்தூர்ப் பாதையில் செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்றும் நிலையங்கள் வரிசையாக இருப்பதால், கால் வலித்தாலோ மனம் கலங்கினாலோ அன்றைக்கே நெல்லைக்குத் திரும்பிவிடலாம். நெல்லையில் ஒரே அறையை வைத்துக்கொண்டு, காலையில் ரயிலில் போய் ஒரு பகுதியை நடந்துவிட்டு மாலையில் திரும்புவதும் ஒரு முறை. தனியே நடக்கும் பெண்களுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். விடியுமுன் கிளம்ப வேண்டாம். வாழைத்தோப்புகளுக்கு நடுவே ஆளரவமற்றுப் போகும் கரைப்பாதைகளை விட்டு, வீடுகள் உள்ள சாலையிலேயே நடப்பதும், பெண்கள் குளிக்கும் படித்துறையிலேயே இறங்குவதும் நல்லது. அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181 ஆகிய எண்களைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

இனி நடையின் உள்வேலைக்கு வருகிறேன். தனியாகப் போனாலே தனிமை வந்துவிடாது. கைப்பேசி பையில் கிடந்தால் வீடும் அலுவலகமும் உறவுச் சண்டைகளும் கூடவே நடந்துவரும். அதை முழுக்க விட்டுவிடுவது பாதுகாப்பும் ஆகாது. ஆகவே காலையில் கிளம்பும்போதும் மாலையில் சேர்ந்தபின்னும் வீட்டில் ஒருவருக்கு இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு, மற்ற நேரமெல்லாம் அணைத்துவைப்பது என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பகலில் படம் எடுப்பதில்லை என்றும் முடிவுசெய்துகொண்டால், படித்துறையில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் காட்சியை யாரிடம் காட்டலாம் என்ற நினைப்பு இரண்டாம் மூன்றாம் நாளில் தானே ஓய்ந்துபோகும். நடந்த காலடிகளை எண்ணிக் காட்டும் செயலி இருந்தால் கிளம்பும் முன்பே நீக்கிவிடுங்கள்.

நாளுக்கு ஒரு கேள்வி மட்டும் எடுத்துக்கொள்வது எனக்குப் பயன்பட்ட முறை. ‘நான் யார்’ என்பது போன்ற பெரிய கேள்வி நடக்கிறவனுக்கு உதவாது; அதற்குக் கேட்ட விடைகளும் படித்த விடைகளும் ஏற்கெனவே ஏராளமாக மனத்தில் இருக்கும், அவற்றையே திருப்பிச் சொல்லிக்கொண்டு நடப்போம். சின்னக் கேள்வியாக இருக்க வேண்டும். எவரோடு பேசுவதை நிறுத்தி ஓராண்டு ஆகிறது? அப்பா இறந்த அன்று நான் எதற்காகக் கோபப்பட்டேன்? எந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்க நினைத்துக் கொடுக்காமலே விட்டேன்? காலையில் கேள்வியை ஒருமுறை மனத்தில் சொல்லிவிட்டு, பிறகு அதைத் துரத்தாமல் ஆற்றையும் வயலையும் பார்த்துக்கொண்டே நடந்தால், எங்கோ ஒரு மதகருகே நிற்கும்போது, கேட்காத நேரத்தில் ஏதோ ஒன்று நினைவுக்கு வரும். வராமலும் போகலாம். வராத நாளை வீண் என்று கணக்கெழுத வேண்டாம்.

மாலையில் நோட்டில் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். அதிலும் பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். தத்துவம் என்று நினைத்து நான் எழுதிய பக்கங்களை இப்போது படிக்கவே கூச்சமாக இருக்கிறது. பாபநாசத்தில் உலகம்மையின் அபிஷேகத்துக்காகப் பெண்கள் உரலில் மஞ்சள் இடிப்பதைப் பார்த்து எழுதிய இரண்டு வரிகளைப் படிக்கும்போது மட்டும் அந்த வாசனை திரும்ப வருகிறது.

மௌனம் என்பதற்காகக் கேட்பவருக்குப் பதில் சொல்லாமல் போவது தவறு. “தனியாவா வந்திய? வீட்ல பிரச்சினை ஒண்ணும் இல்லையே?” என்று டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சி கேட்பார். தம் ஊருக்குள் வந்த ஒரு முகம் வாடியிருப்பதைப் பார்த்துக் கேட்கும் அக்கறை அது. நின்று பதில் சொல்லிவிட்டு நடங்கள். சில நாள்களில் அந்தக் கேள்விதான் அன்றைய கேள்வியாகவும் ஆகிவிடும்.

முதல் நாள் நடக்க வேண்டாம். நெல்லையிலிருந்து பேருந்தில் பாபநாசம் போய்ச் சேர்ந்து, பாபநாசநாதர் கோயிலுக்கு எதிரே உள்ள படித்துறையில் இருந்துவிட்டு வாருங்கள். பாறைகளுக்கிடையே சுழலும் இழுப்பும் உண்டு, மேலே அணையிலிருந்து நீர் திறந்துவிடுவதும் உண்டு. ஆகவே ஊரார் குளிக்கும் இடத்தில் மட்டும், இடுப்பளவு நீருக்குள் குளிக்க வேண்டும். பரிகாரம் என்று ஆற்றில் துணியை விட்டுவிட்டுப் போகும் வழக்கத்தை நீங்களும் தொடராதீர்கள். அந்தத் துணிகள் குவியல் குவியலாகப் பாறையிடுக்குகளில் அழுகிக் கிடப்பதை நீங்களே பார்ப்பீர்கள். பாவத்தை ஆற்றில் விட வந்தவர் ஆற்றுக்குச் செய்துவிட்டுப் போகும் பாவம் என்று எனக்குத் தோன்றும். இந்த ஆற்றில் ஊர்க்கழிவும் கலப்பதால், எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் எந்த இடத்திலும் அள்ளிக் குடிக்க வேண்டாம்.

அடுத்த மூன்று நாள்களில் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி வழியாக நெல்லை வந்துசேரலாம். வெயில் ஏறும் முன் ஒன்பது மணிக்குள் பெரும்பகுதியை நடந்துவிடுங்கள். சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கமாக நடப்பதும், நாய்கள் மிகுந்த தெருக்களில் கையில் ஒரு கம்பு வைத்திருப்பதும் போதுமான எச்சரிக்கைகள். கோயில்கள் நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு, நாலரைக்குமேல்தான் திறக்கும். கோடகநல்லூரும் குன்னத்தூரும் பெருஞ்சாலையை விட்டு விலகியிருப்பதால், எந்தப் பாலத்தில் கடப்பது, எந்த நேரத்தில் அர்ச்சகர் இருப்பார் என்பதை முந்தைய ஊரிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். கோயில் பூட்டியிருந்தால் வெளியே உட்கார்ந்துவிட்டு நடங்கள். ஒன்பதையும் உள்ளே போய்ப் பார்த்தே தீருவது என்று கணக்கு வைத்துக்கொண்டால் பேருந்தில் வந்தவருக்கும் உங்களுக்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடும். சேரன்மகாதேவிக்கு அருகில்தான் பாய் நெசவுக்குப் பெயர்பெற்ற பத்தமடை இருக்கிறது; பின்னாளில் ரிஷிகேசத்தில் தெய்வநெறிக் கழகத்தை நிறுவிய சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்தது அங்கேதான். ஒரு மணி நேரம் கூடுதலாகும், போய் வரலாம்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உண்டு. அவற்றில் ஏழு ஆங்கிலேயர் காலத்துக்கு முற்பட்டவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. நீர் வழிந்தோடும் நாள்களில் அணைக்கட்டின் ஓசை மற்ற ஓசைகளையெல்லாம் மூடிவிடுவதால், கண்ணை மூடி அரைமணி நேரம் உட்காருவதற்கு அதைவிட ஏற்ற இடம் இந்த வழியில் இல்லை. கரையில் உட்காருங்கள், அணைக்கட்டின் மேல் பாசி வழுக்கும்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ சலிப்பு வரும். இது எதற்கு, வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்று தோன்றும். நெல்லையில் ஒரு நாள் ஓய்வை வைத்திருப்பது அதற்காகவே. துணி துவைத்து, கால் கொப்புளங்களைக் கவனித்து, மாலையில் குறுக்குத்துறை முருகன் கோயில் படித்துறையில் இருந்துவிட்டு வாருங்கள். வெள்ளக் காலத்தில் ஆறு அந்தக் கோயிலை மூழ்கடித்துக்கொண்டு ஓடும், வடிந்தபின் கழுவித் துடைத்து வழக்கம்போல் பூசை நடக்கும். சலிப்பு வேறு, துயரம் வேறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அண்மையில் இழப்பைச் சந்தித்துத் தூக்கமிழந்திருப்பவர்கள், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்துபோகிறவர்கள் இந்த நடையைத் தனியே மேற்கொள்ளக் கூடாது. நடுவழியில் அப்படித் தோன்றினால் அன்றைக்கே ரயிலேறி உற்றவரிடம் போய்ச் சேருங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

நெல்லையிலிருந்து முறப்பநாடு ஏறத்தாழ 17 கிலோமீட்டர். அதை நடந்து பார்த்துவிட்டுப் பேருந்தில் நெல்லைக்கே திரும்பி, மறுநாள் காலை செய்துங்கநல்லூர் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து திருச்செந்தூர்ச் சாலையில் ஸ்ரீவைகுண்டம் நோக்கி நடப்பது வசதி. வழியில் ஆதிச்சநல்லூர் வருகிறது. 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியரும், பிறகு அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்த அந்தப் பரம்பில், மண்ணுக்குள் புதைந்தபடியே உள்ள முதுமக்கள் தாழிகளைக் கண்ணாடித் தளத்தின் வழியே பார்க்கும்படி இப்போது அமைத்திருக்கிறார்கள். அன்றைக்கு வேறு கேள்வி எதுவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இறந்தவருக்குத் தேவைப்படும் என்று தானியம் வைத்த கலயத்தையும் ஆயுதத்தையும் கூடவே புதைத்தவர்கள் இதே ஆற்றில்தான் நீர் மொண்டிருக்கிறார்கள். அங்கிருந்து நடக்கும் மிச்ச வழியில் பேச்சு வராது.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஆழ்வார்திருநகரி ஐந்து கிலோமீட்டர் அளவே. அந்த நாளைக் குறைந்த நடையாகவே வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தது முதல் அழாமலும் பேசாமலும் இருந்த குழந்தை, கோயில் புளியமரத்தடியில் பதினாறு ஆண்டுகள் மௌனமாக வீற்றிருந்ததாக வைணவ மரபு சொல்லும். அந்தக் குழந்தைதான் நம்மாழ்வார், அந்த மரம்தான் உறங்காப்புளி. வடநாட்டிலிருந்து தேடி வந்த மதுரகவி, “செத்ததின் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும்?” என்று கேட்க, “அத்தைத் தின்று அங்கே கிடக்கும்” என்று முதன்முதலாக வாய் திறந்தாராம். சடமான உடலுக்குள் வந்த உயிர் அந்த உடலின் இன்பதுன்பங்களையே துய்த்துக்கொண்டு அங்கேயே கிடக்கும் என்று உரை சொல்வார்கள். எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருப்பார்கள், ஒன்றுக்கும் பேசாதவர் இதற்கு மட்டும் பேசினார். காலையில் நடை திறந்ததும் போய், மரத்தைச் சுற்றிவந்து, கூட்டம் வரும்வரை ஓரமாக உட்காருங்கள். நோட்டை வெளியே எடுக்க வேண்டாம். நம்பிக்கை இல்லாதவருக்கும் இந்த இடத்தில் தடையில்லை. கேள்வி சரியாக இருந்தால்தான் விடை வரும் என்பதை ஏற்கப் பக்தி தேவைப்படுவதில்லை.

தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம் மூன்றையும் அடுத்த இரண்டு நாள்களில் நிதானமாகப் பார்க்கலாம். ராஜபதியின் பழைய கோயில் வெள்ளத்தில் அழிந்துபோக, இப்போது இருப்பது புதிதாகக் கட்டியது. மலர் ஒதுங்கிய கதையைக் கேட்டுக்கொண்டே வந்தவருக்கு, ஆறு கொடுத்ததையே ஆறு எடுத்துக்கொண்ட இந்த இடம் நினைவில் நிற்கும். இங்கே வாழையும் வெற்றிலையும் விளைந்த ஆற்றுப்படுகை மெல்ல மெல்ல மாறிக் காற்றில் உப்பு ஏறத் தொடங்கும்.

புன்னக்காயல் மீனவர் ஊர். கடைசி நாள் நடையை அதிகாலையில் தொடங்கி, வெயில் ஏறுமுன் முகத்துவாரத்துக்குப் போய்விடுங்கள். ஆறு அங்கே பல கிளைகளாகப் பிரிந்து கடலில் சேர்வதால், கலக்கும் இடம் இதுதான் என்று சுட்டிக் காட்ட முடியாது. உரோமச முனிவர் நிறைவாக நீராடியது ஆறு கடலில் சேரும் சங்குமுகத்தில் என்பதால் உங்களுக்கும் இறங்கத் தோன்றும். ஓதம் ஏறும் நேரத்தை மீனவரிடம் கேட்டுக்கொண்டு, கால் நனையும் அளவில் நின்றுகொள்ளுங்கள். வலை பிரித்துக்கொண்டிருப்பவர்களுக்கு வேலை நேரம் அது, அவர்கள் வழியில் உட்கார வேண்டாம். திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை ஊருக்குள் நுழையும்போதே டீக்கடையில் விசாரித்துவிடுங்கள். தவறவிட்டால் ஆத்தூர் வந்து சேர வேண்டும், அங்கிருந்து திருச்செந்தூருக்கோ தூத்துக்குடிக்கோ வண்டி கிடைக்கும். கைப்பேசியை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபிறகே முழுதாகத் திறந்தால் போதும்.